எனக்கு மட்டும் சுடவில்லை

"வலிக்கலியா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், எக்ஸ்ரே எடுத்தவர், படுக்கை விரிப்பு மாற்ற வந்த அம்மா, எல்லோருக்கும் அதே சந்தேகம். உள்ளங்காலில் இவ்வளவு பெரிய புண் இருக்கிறது, ஒருத்திக்கு எப்படித் தெரியாமல் போகும்? வலித்திருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது. வலிக்கவில்லை. அதுதான் என் வியாதி.

நாளைக் காலை என் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கப்போகிறார்கள். ரத்தம் எடுக்கிறவர்கள் எடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். கையெழுத்து வாங்க வந்தவர்கள் வாங்கிவிட்டார்கள். வார்டில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். உடம்பு தேறிய பிறகு எழுதுகிறவர்கள் தைரியம் சொல்லி முடிக்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல ஒன்றும் இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் பெயர் வசந்தா. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் எங்கள் வீடு. கீழே நாங்கள், மாடியில் வாடகைக்கு இரண்டு ரூம். கார்த்திகை தீபக் கூட்டம் கலைந்ததும் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவார்கள். மாசியில் வெயில் ஏறினால் ஊரைப் பார்க்கப் போய்விடுவார்கள். என் வீட்டுக்காரர் ஏழுமலை, அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் கவிதா சென்னையில் வேலை பார்க்கிறாள்.

தங்க வருகிறவர்கள் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. அவரவர் ஊரிலிருந்து ஆளுக்கொரு சாக்லேட் கட்டி. நம் பெட்டிக்கடையில் பிள்ளைகள் வாங்குகிற ரகம் இல்லை, கறுப்பாக, கசப்பாக இருக்கும். முதல் தடவை வாயில் போட்டபோது கஷாயம் என்று துப்பப்போனேன். துப்புவதற்குள் அது நாக்கில் இளகி, தொண்டைக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அன்று முதல் அவர்கள் வருகிற மாதத்தை நான் வாடகைக்காக மட்டும் எதிர்பார்க்கவில்லை.

சர்க்கரை இருப்பது தெரிந்தது சில வருஷம் முன்னால். ராத்திரி அடிக்கடி எழுந்துபோக வேண்டியிருந்தது, தாகம் அடங்கவில்லை, நல்ல உடம்பு சும்மாவே இளைத்தது. இளைத்ததில் எனக்கு சந்தோஷம்தான். ரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சராசரி என்று ஒன்று எடுத்தார்கள். அன்றைக்குக் காலையில் பட்டினி கிடந்து நல்ல பிள்ளையாகப் போய் நின்றாலும் பிரயோஜனம் இல்லை. போன மூன்று மாதமும் நாம் எப்படி இருந்தோம் என்பதை ரத்தம் அப்படியே போட்டுக்கொடுத்துவிடும். மாத்திரை எழுதினார்கள். காபிக்குச் சர்க்கரை, பொங்கலுக்கு வெல்லம், வாசலில் வந்து விற்கிற மாம்பழம், எல்லாவற்றையும் விட்டேன். ஒன்றும் பெரிய கஷ்டமாக இல்லை. சாக்லேட்டை மட்டும் விட முடியவில்லை.

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். கல்யாண வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி சாக்லேட்டுக்கு அலைகிறாளே என்று. பசி வேறு, இது வேறு. வயிறு நிறைந்திருக்கும், வாய் மட்டும் பட்டினியாகக் கிடக்கும். சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்துக்கு அது ஆரம்பிக்கும். கையில் என்ன வேலை இருந்தாலும் மனசு ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பிவிடும். சோம்பு மென்றேன், பொட்டுக்கடலை தின்றேன், பல் விளக்கினேன். பல் விளக்கிய வாயோடு போய் ஃபிரிட்ஜைத் திறந்தேன். கவிதா சர்க்கரையே சேர்க்காத சாக்லேட் என்று ஒரு பெட்டி அனுப்பினாள். அதைத் தின்றுவிட்டு ஒரு நாள் முழுக்கக் கழிவறையில் குடியிருந்தேன்.

கடைசியில் என் வீட்டுக்காரர்தான் ஒரு ஏற்பாடு செய்தார். கட்டியைச் சின்னச் சின்னச் சதுரமாக உடைத்து, டப்பாவில் போட்டு, டப்பாவைத் தன் பீரோவுக்குப் பக்கத்தில் வாங்கி வைத்த குட்டி ஃபிரிட்ஜில் பூட்டினார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றே ஒன்று கிடைக்கும். அதற்கு அவர் வைத்த பெயர் டிக்கெட்.

"இன்னொன்னு குடுங்க."

"உனக்கு டிக்கெட் குடுத்தாச்சு. உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத."

இப்படிச் சிரித்துக்கொண்டே ஒழுங்காகத்தான் போனது. கெடுத்தது நான் போட்ட கணக்கு.

எங்கள் தெருவில் சர்க்கரை உள்ள பெண்கள் பலர். பௌர்ணமிக்குக் கிரிவலம் போனால் சர்க்கரை இறங்கிவிடும் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பொய்யும் இல்லை. பதினாலு கிலோமீட்டர் நடந்தால் யாருக்குத்தான் இறங்காது? மறுநாள் காலை விரலில் குத்திப் பார்த்தால் மிஷினில் நம்பர் குறைந்திருக்கும். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். மலையைச் சுற்றி வந்தால் எனக்கு அன்றைக்கு ஒரு கட்டி முழுசாக. அவரும் ஒப்புக்கொண்டார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி நடந்தேன், நடந்து வந்து தின்றேன். அண்ணாமலையாரை வலம் வருவதற்கு அப்படி ஒரு கூலி வைத்துக்கொண்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

டாக்டரம்மா, சின்ன வயசுப் பெண், ஒவ்வொரு தடவையும் சொல்வார்: "நடங்க, நல்லா நடங்க. ஆனா செருப்பு இல்லாம ஒரு அடி வெக்காதீங்க. வீட்டுக்குள்ளயும் போட்டுக்கங்க." நான் வீட்டுக்குள் போட்டுக்கொண்டேன், கடைத்தெருவில் போட்டுக்கொண்டேன். கிரிவலத்துக்குப் போட்டுக்கொள்ளவில்லை. அவர் சொன்னது கிரிவலத்தையும் சேர்த்துத்தான் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. மலையைச் சுற்ற செருப்போடு யார் போவார்கள்?

சித்திரைப் பௌர்ணமி. ராத்திரி கூட்டத்தில் நசுங்கவேண்டாம் என்று எதிர்வீட்டுப் பொன்னியும் நானும் வெயில் தாழ்வதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டோம். பொன்னிக்கு என்னைவிடப் பத்து வயசு சின்னது, அக்கா அக்கா என்று ஒட்டிக்கொள்வாள். ரோட்டுத் தார் பகல் முழுக்கக் காய்ந்திருந்தது. தண்ணீர் லாரி தெளித்துவிட்டுப் போன ஈரமும் உடனே ஆவியாகிவிட்டது. ஜனங்கள் ரோட்டோரத்தில் பெயிண்ட் அடித்த வெள்ளைக் கோட்டின்மேல் வரிசையாகப் போனார்கள், அங்கே சூடு கொஞ்சம் கம்மி. கோட்டில் இடம் கிடைக்காதவர்கள் குதித்துக் குதித்து நடந்தார்கள். பொன்னி துண்டை நனைத்துக் காலில் சுற்றிக்கொண்டாள்.

நான் நடு ரோட்டில் நடந்தேன். எனக்குச் சுடவில்லை.

"இன்னாக்கா, உங்களுக்குச் சுடலியா?" என்றாள் பொன்னி.

"இல்லியே."

"நெஜமாவா?" குனிந்து என் காலையே பார்த்தாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அவரு உங்களக் கையில ஏந்திக்கினு போறாருக்கா. எத்தினி பௌர்ணமி விடாம வந்திருப்பீங்க!"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. மலையைப் பார்த்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வழியில் அடி அண்ணாமலை ஊரைத் தாண்டும்போது முன்பின் தெரியாத ஒரு அம்மா, பொன்னி சொல்லக் கேட்டு என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் தடுக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் நடந்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து, சம்பளம் மாதிரி என் கட்டியை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். என் வீட்டுக்காரர்தான் வாசலிலிருந்து என் நாற்காலி வரைக்கும் ஈரமாக ஒரு தடம் வந்திருப்பதைப் பார்த்தார். தண்ணீர் என்று நினைத்துத் துணி போட்டுத் துடைத்தார். துணியைத் திருப்பிப் பார்த்தார். "காலக் காட்டு" என்றார். வலது உள்ளங்காலில் தோல் வழன்று மடிந்து கிடந்தது. எனக்கு அது யாருடைய காலோ மாதிரி இருந்தது.

வலி இல்லாததால் பயம் வரவில்லை. மஞ்சள் வைத்தேன், வீட்டிலிருந்த களிம்பைத் தடவினேன், தானே காய்ந்துவிடும் என்று விட்டேன். காய்ச்சல் வந்து, சின்ன விரல் கறுத்து, ரூமில் ஒரு நாற்றம் வர ஆரம்பித்தபோதுதான் ஆட்டோ பிடித்தோம்.

ஆஸ்பத்திரியில் பார்த்த சோதனைகளிலேயே சாதுவானது என்னைக் கொன்றுபோட்டது. மீன் பிடிக்கிற தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. அதைக் காலில் அங்கங்கே வைத்து லேசாக அழுத்துவார்கள், உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க. ஊசி இல்லை, மருந்து இல்லை.

"கண்ண மூடிக்கோங்கம்மா. தொடறது தெரிஞ்சா 'ஆமா'னு சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

மூடிக்கொண்டேன். காத்திருந்தேன். மின்விசிறி சத்தம் கேட்டது. வெளியே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவுக்கு நடுவில் ஏதோ போன் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"ஆரம்பிங்கம்மா, நான் ரெடி" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். டாக்டரம்மா இழையை டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தார். கதவோரம் என் வீட்டுக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"ரெண்டு காலும் பாத்துட்டேம்மா" என்றார் டாக்டரம்மா. சர்க்கரை ஜாஸ்தியாகவே இருந்தால் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகும், உடம்பிலேயே நீளமான நரம்பு பாதத்துக்குப் போவது, அதனால் முதலில் போவதும் அங்கேதான் என்று விளக்கினார். "எவ்வளவு நாளா உணர்ச்சி இல்ல?"

எனக்கு அப்போது அடி அண்ணாமலையில் என் காலைத் தொட்டுக் கும்பிட்ட அந்த அம்மாவின் முகம்தான் வந்தது. அழுகை வரவில்லை, கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. மலைமேல் கோபப்பட முடியுமா? அது பாட்டுக்கு நிற்கிறது. செத்துப்போன நரம்பை அருள் என்று கும்பிட்டது நாங்கள்.

சின்ன விரலையும் அதற்கடுத்த விரலையும் எடுத்தார்கள். புண்ணில் செத்துப்போன சதையை வெட்டிச் சுத்தம் செய்வதை ஒரு மறைப்பும் இல்லாமல் நானே எட்டிப் பார்த்தேன். கத்தி போகிறது, ஒன்றும் தெரியவில்லை. பக்கத்துப் படுக்கையில் குடல்வால் ஆபரேஷன் ஆன பெண் வலியில் முனகுவாள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.

பில் வரும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் வராந்தாவுக்குப் போய்ப் படித்துவிட்டு வருவார். என்னிடம் காட்டமாட்டார். மாடியை விற்கலாமா என்று தரகரிடம் பேசியதாகக் கவிதா வாய் தவறிச் சொன்னாள். அவள் சனி ஞாயிறு வந்து என் தலையைப் பின்னிவிட்டு, நகம் வெட்டிவிட்டுப் போவாள். ஒரு தடவை கை விரல் நகத்தை வெட்டி முடித்துவிட்டுக் கால் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு இடது காலுக்கு மட்டும் வெட்டினாள்.

இன்சுலின் ஆரம்பித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டுவிட வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விடும் என்று நர்ஸ் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். அப்படி வந்தால் உடனே குளுக்கோஸ் தண்ணீரோ சர்க்கரையோ வாயில் போடவேண்டும். என் வீட்டுக்காரர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். குளுக்கோஸும் வாங்கினார்.

முதல் தடவை எனக்கு அப்படி வந்தபோது குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்கமாட்டேன் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மனுஷர் பதறிப்போய் குட்டி ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு சதுரத்தை என் வாயில் போட்டார், இன்னொன்றையும் போட்டார். "முழுங்கு, முழுங்கு" என்று முதுகைத் தடவினார். விரல் போய், ஊசி வந்து, எல்லாம் போன பிறகு அந்தக் கறுப்புச் சாக்லேட் என் வாயில், அதுவும் மருந்தாக. நான் கெஞ்சவில்லை, திருடவில்லை. அவர் கெஞ்சினார், சாப்பிடு என்று.

அன்றிலிருந்து அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு துண்டு இருக்கும், ஈயத்தாளில் சுற்றியபடி. "குளுக்கோஸ்னா நீ அழிச்சாட்டியம் பண்ணுவ. இதுன்னா ஆசையா சாப்டுவ" என்றார். அவருக்குத் தெரிந்த அன்பு அது.

பிறகு நடந்ததை எழுதக் கை கூசவில்லை, எழுதத்தானே உட்கார்ந்தேன். ஊசி போட்டுக்கொண்டு இட்லியை மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தேன். அப்புறம் பாதி சாப்பிட்டேன். அப்புறம் தட்டை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்து காத்திருந்தேன். வியர்வை வரும். கை நடுங்கும். "ஏங்க" என்பேன். அவர் கை சட்டைப்பைக்குப் போகும். உடம்பு நடுங்குவது யாருக்காவது சுகமாக இருக்குமா? எனக்கு இருந்தது. சர்க்கரை பள்ளத்தில் விழும், சாக்லேட் உள்ளே போனால் மலையேறும். இப்படி ஏறி இறங்கினால் எந்தப் புண்தான் ஆறும்?

ஒரு நாள் அவர் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். கூட்டம், நேரமாகிவிட்டது. நான் ஊசி போட்டுக்கொண்டு, தட்டைத் தொடாமல், இப்போது வந்துவிடுவார் என்று உட்கார்ந்திருந்தேன். குளுக்கோஸ் டப்பா எட்டின தூரத்தில் மேஜைமேல் இருந்தது. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்தது ஞாபகம் இல்லை. பொன்னி வந்து பார்த்துக் கத்தியிருக்கிறாள்.

திரும்பவும் ஆஸ்பத்திரி. விழுந்ததில் காலில் தையல் பிரிந்திருந்தது. படம் எடுத்துப் பார்த்தார்கள். நோய் தோலோடு சதையோடு நிற்கவில்லை, எலும்புக்குள் இறங்கி மேலே ஏறிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா என் வீட்டுக்காரரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. "லோ சுகருக்கு சாக்லேட் குடுக்கக்கூடாதுங்க. அதுல கொழுப்பு இருக்கு, சக்கரை ரத்தத்துல ஏற லேட்டாவும். ஏறினாலும் அப்புறம் எங்கயோ போய் நிக்கும்" என்றார்.

"எனக்கு அது தெரியாதும்மா" என்றார் அவர். "அவ ஆசையா சாப்டுவாளேனு..."

"அவரு மேல தப்பு இல்ல" என்றேன் நான். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பவில்லை. டாக்டரம்மா பேனாவால் தன் முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு இழுத்துக் காட்டினார். அங்கே.

நேற்று பௌர்ணமி. இந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் மலை முழுசாகத் தெரியும். மத்தியானத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசலில் வெறுங்காலோடு ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். என் வீட்டுக்காரர் கிரிவலமே போனதில்லை. வேலையில் இருந்தவரை பௌர்ணமி என்றால் ஸ்பெஷல் பஸ்ஸில் டியூட்டி, ஓய்வு பெற்ற பிறகு சோம்பல். நேற்று என் படுக்கைக்கடியில் செருப்பைக் கழற்றி வைத்தார்.

"உனக்குப் பதிலா நான் சுத்திட்டு வரேன்."

"இன்னாத்துக்கு? டாக்டர் கோடு போட்டுட்டாங்க."

"போட்டா போட்டும். போய்ட்டு வரேன்."

சாயங்காலத்திலிருந்து கவிதா துணைக்கு இருந்தாள். இன்று காலையில்தான் அவர் வந்தார், வாசலிலிருந்தே சுவரைப் பிடித்துக்கொண்டு. ஸ்டூலில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கி மடிமேல் போட்டுக்கொண்டார். உள்ளங்காலில் கொப்புளம், எனக்கு வந்த அதே இடத்தில்.

"வலிக்குதா?" என்றேன்.

"சேச்சே."

"சும்மா சொல்லுங்க."

"உயிர் போவுது வசந்தா" என்றார். என் முன்னால் அதைச் சொல்லிவிட்டோமே என்று உடனே முகம் சுருங்கிவிட்டது.

"எங்க வலிக்குது? காட்டுங்க."

காட்டினார். கை நீட்டி அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினேன். "ஆ!" என்று கத்தினார். பக்கத்துப் படுக்கைகள் திரும்பிப் பார்த்தன. இன்னொரு தடவை அழுத்தினேன், இன்னொரு தடவை கத்தினார், காலை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு வலிக்கிறது, அவர் கால் உயிரோடு இருக்கிறது. இந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த நிம்மதி அது ஒன்றுதான். அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன், அவரும் அழுதார்.

கண்ணைத் துடைக்கும்போது பார்த்தேன், அவர் சட்டைப்பை புடைத்திருந்தது. ஈயத்தாள் மாதிரி ஏதோ மின்னியது. எனக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது. அவர் கையை விட்டு அதை வெளியே எடுத்தார். பளபளக்கிற தாளில் மடித்த விபூதி. நாளைக்குக் கால் போகப்போகிறது, மனுஷர் வெறுங்காலோடு மலையைச் சுற்றிப் பிரசாதம் கொண்டுவந்திருக்கிறார், எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

என் கண் போன இடத்தை அவர் பார்த்துவிட்டார். திட்டவில்லை. விபூதியை என் நெற்றியில் பூசி, கண்ணில் விழாமல் கையால் மறைத்து ஊதினார்.

"டிக்கெட் இல்ல வசந்தா" என்றார், மெதுவாக.